‘ஃபோர்’ என்ற ஒரு சொல்லுக்கு நான் கட்டிய வாடகை

நான் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வந்தது 2018 செப்டம்பரில். அலுவலகத்தில் ஆங்கிலம், காய்கறிக் கடையில் ஆங்கிலம், பேருந்து ஓட்டுநர்கூட நம் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். டச்சு எதற்கு என்று கிட்டத்தட்ட நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். அந்த நான்கு வருடத்தில் மூன்றே மூன்று குட்டிச் சொற்களுக்கு நான் தண்டம் அழுத தொகை 1,350 யூரோ. நம்மூர்ப் பணத்தில் அன்றைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. பெரிய இலக்கணம் ஒன்றும் இல்லை. மணிக்கு, முன், வரை, கழித்து என்று தமிழில் யோசிக்காமலே சேர்த்துப் பேசுகிறோமே, அந்த மாதிரிச் சொற்கள்தான். டச்சில் அவை பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

முதல் அடி பல்லில் விழுந்தது. 2019 பிப்ரவரி, கடைவாய்ப் பல் ஒன்று இரவெல்லாம் தெறித்தது. பல் மருத்துவமனைக்கு அழைத்தேன். எடுத்த பெண் பாதி ஆங்கிலம், பாதி டச்சு. வியாழக்கிழமை ‘ஹல்ஃப் ட்ரீ’ வரமுடியுமா என்றார். டச்சில் மூன்று என்ற சொல் ‘ட்ரீ’தான், காதில் ஆங்கில மூன்று மாதிரியே விழும். சென்னையில் லண்டன்காரர்களோடு வேலை பார்த்த பழக்கத்தில் அவர்கள் ‘ஹாஃப் த்ரீ’ என்றால் மூன்றரை என்று எனக்கு அத்துப்படி. எனவே மூன்று இருபதுக்கே போய்ப் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்ட பெருமையோடு உட்கார்ந்தேன். அந்தப் பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 14:30. ‘ஹல்ஃப் ட்ரீ’ என்றால் இரண்டரை. வராமல் போனதற்கு 45 யூரோ கட்டணம், அடுத்த நேரம் ஒன்பது நாள் கழித்து. ஒன்பது நாளும் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு கூட்டங்களில் தலையாட்டினேன்.

இதில் நம் மூளை ஏன் தடுக்கி விழுகிறது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் இரண்டரை என்றால் இரண்டு முடிந்தது, அதன்மேல் அரை சேர்ந்தது. நாம் கடந்து வந்ததைக் கணக்கு வைக்கிறோம். டச்சுக்காரர் போகப்போவதைக் கணக்கு வைக்கிறார்: மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று, அதனால் அரை மூன்று. இதோடு விட்டாலும் பரவாயில்லை. அந்த அரையை முளைக்குச்சியாக அடித்து, அதைச் சுற்றி மற்ற நிமிடங்களைக் கட்டுவார்கள். 2:20 என்பது ‘டீன் ஃபோர் ஹல்ஃப் ட்ரீ’, அதாவது அரை மூன்றுக்குப் பத்து முன். 2:35 என்பது ‘ஃபெய்ஃப் ஓவர் ஹல்ஃப் ட்ரீ’, அரை மூன்றைத் தாண்டி ஐந்து. தொலைபேசியில் இதைக் கேட்டு மனத்துக்குள் கழித்துக் கூட்டி முடிப்பதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று. அவர்கள் எப்படிச் சொன்னாலும் நான் இருபத்துநான்கு மணிக் கணக்கில் திருப்பிக் கேட்பேன்: ‘ஃபேர்டீன் ஊர் டெர்ட்டஹ்?’ பதினான்கு முப்பதா? யாரும் சலித்துக்கொள்வதில்லை. (மணிக்கு அவர்கள் சொல் எழுத்தில் பார்த்தால் அப்படியே நம் ‘ஊர்’. உச்சரிப்பில் உதட்டைக் குவித்து ‘யூ’வுக்கும் ‘ஈ’க்கும் நடுவில் ஏதோ செய்யவேண்டும். எனக்கு இன்னும் ஊர்தான்.)

இரண்டாவது அடி 2020 நவம்பரில். கொரோனாக் காலம், வீட்டிலிருந்துதான் வேலை, இணைய இணைப்பு அறுந்துபோனது. புகார் கொடுத்தேன். தொலைபேசியில் பேசியவர், பழுது பார்ப்பவர் ‘ஃபன்டாஹ் ஓவர் அன் வேக், டுஸன் அஹ்ட் என் ட்வால்ஃப்’ வருவார் என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். இன்று, ஓவர், ஒரு வாரம், இடையில், எட்டு, பன்னிரண்டு. ஓவர் என்றால் மேலே, தாண்டி. ஆக, இன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் வருவார் என்று நானே அழகாக ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னது: இன்றிலிருந்து சரியாக ஒரு வாரம் கழித்து, காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பால் வாங்கப் போன இருபது நிமிடத்தில் வந்து, மணி அடித்துப் பார்த்து, கதவுத் துளை வழியாக ஓர் அட்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி வர இன்னும் பன்னிரண்டு நாள். செல்பேசித் தரவு வாங்கியே 40 யூரோ கரைந்தது. பணத்தைவிட, என்னால் ஒரு வாக்கியத்தைக்கூடப் புரிந்துகொள்ள முடியவில்லையே என்ற வெட்கம்தான் அதிகம். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, மோடம் கெட்டுவிட்டது என்று கதைவிட்டேன்.

‘ஓவர்’ இரண்டு வேலை செய்யும். கடிகார முள்ளோடு வந்தால் தாண்டி என்று பொருள். ‘க்வார்ட் ஓவர் ட்ரீ’ என்றால் மூன்றே கால். நாள், வாரம், மாதம் என்ற கால அளவோடு வந்தால் இப்போதிலிருந்து அவ்வளவு கழித்து. ஒரு வாரம் ஆகிற அந்த நாளில்தான், முன்பும் இல்லை பின்பும் இல்லை. ‘ஒரு வாரத்தில் வருகிறேன்’ என்று நாம் சொன்னால் ஐந்தாம் நாளும் வரலாம், எட்டாம் நாளும் வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே ஒரு வாரத்துக்குள் என்று சொல்ல வேறு சொல் இருக்கிறது, ‘பின்னன்’. தமிழ்க் காதுக்கு இது இன்னொரு கண்ணி. பின் என்று கேட்டதும் அப்புறம் என்று மூளை ஓடிவிடும், பொருளோ உள்ளே. அரசு அலுவலக முடிவு ஒன்றை எதிர்த்து மறுப்புக் கொடுக்கப் பொதுவாக ஆறு வார அவகாசம். கடிதத்தில் அது ‘பின்னன்’ ஆறு வாரம் என்றுதான் இருக்கும். ஆறு வாரம் கழித்துச் சாவகாசமாக எழுதலாம் என்று படித்துவிடாதீர்கள். கழித்து, பிறகு என்பதற்கு அவர்கள் சொல் ‘நா’.

இனி மூன்றாவது. எழுத இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. 2022 மே மாதம், வேறு வீடு கிடைத்தது, அலுவலகத்துக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். ஜூலை 1 முதல் அதற்கு வாடகை. பழைய வீட்டை ஜூன் முடிவோடு காலி செய்தால் கணக்கு நேர். பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி: வீட்டை விடும் அறிவிப்பு, காலி செய்யும் மாதத்தின் முதல் தேதிக்கு ‘ஃபோர்’ வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லில் இரண்டு ஓ உண்டு. இரண்டின் தலையிலும் சாய்வாக ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. அச்சுப் பிழை, அல்லது பிரெஞ்சு மாதிரி ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். தெளிவாகப் புரியவேண்டுமே என்று ஆங்கிலத்துக்குப் போகாமல் தமிழுக்கே மாற்றினேன். ‘மாதத்தின் முதல் தேதிக்குள்’ என்று வந்தது. முதல் தேதிக்குள் என்றால் நம் கணக்கில் முதல் தேதியும் சேர்த்திதானே? ‘வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடு’ என்று அப்பா சொன்னால் வெள்ளி ராத்திரி கொடுத்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம்.

கடிதம் மே 31 செவ்வாய் இரவே தயார். காலையில் இன்னொரு முறை எழுத்துப் பிழை பார்த்து அனுப்பலாம் என்று மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன். ஜூன் 1 காலை 7:40க்கு அனுப்பினேன். பதினொரு மணிக்குப் பதில் வந்தது: உங்கள் அறிவிப்பு ஜூன் 1 அன்று கிடைத்தது, ஒப்பந்தம் ‘பெர்’ ஆகஸ்ட் 1 முடிகிறது. மூன்று முறை படித்தேன். பிறகு அழைத்தேன். வாடகை முகவர் அலுவலகத்துப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஏழு மணி நாற்பது நிமிடம்தானே தாமதம் என்றேன். ‘ஃபோர் இஸ் ஃபோர், மெவ்ரவ்’ என்றார். முன் என்றால் முன், அம்மா. அவ்வளவுதான். ஜூலை வாடகை 1,180, தண்ணீர், பொதுச் செலவு என்று 85, எல்லாம் ஆள் இல்லாத வீட்டுக்கு. கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அம்மாவுக்கு அழைத்தேன். ‘ஒண்ணாந்தேதிக்குள்ள குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்னவாம் அவங்களுக்கு?’ என்றாள் அம்மா. அவள் சொன்ன ‘க்குள்ள’வில்தான் என் 1,265 யூரோ இருந்தது. அங்கேயே அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

அந்தக் கோடுகள் பிழையும் இல்லை, அலங்காரமும் இல்லை. ‘ஃபோர்’ என்பதற்கு டச்சில் ‘ஆக’ என்ற பொருளும் உண்டு, ‘முன்’ என்ற பொருளும் உண்டு. இங்கே முன் என்றுதான் படிக்கவேண்டும் என்று அழுத்திக் காட்டத்தான் அந்தக் கோடு. ஜூன் 1க்கு முன் என்றால் கடைசி நாள் மே 31. அதே மாதிரி ‘டொட்’ என்றால் வரை. ஆனால் அந்த நாள் சேர்த்தியா இல்லையா என்பதில் டச்சுக்காரர்களுக்கே சண்டை வரும், அதனால் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘டொட் என் மெட்’ என்பார்கள். கடைக் கதவிலும் வாகனம் நிறுத்தும் பலகையிலும் டி, சாய்கோடு, எம் என்று சுருக்கமாக இருக்கும். ‘டொட்டா, டொட் என் மெட்டா?’ என்று கேட்பது முட்டாள்தனம் இல்லை, அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ‘பெர்’ என்றால் அந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வருகிறது. ‘அய்டர்லக்’ என்று கண்டால் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். மிஞ்சிப்போனால் இந்த நாள் என்று பொருள், அந்த நாளும் சேர்த்தி. இன்னொன்று, அனுப்பிய தேதியா, கிடைத்த தேதியா என்று பாருங்கள். என் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றே இருந்தது. இப்போதெல்லாம் கெடு தேதி ஒன்று கண்ணில் பட்டால் நாள்காட்டியில் அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் எழுதுகிறேன்.

பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கும் சமயத்தில் சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, ‘தங்கச்சி, ஃபோர் எண்டால் அதுக்கு முன்னம். ஒண்டாம் திகதி கணக்கில வராது’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார். அவருக்கும் ஒரு கதை இருந்தது. வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வியாழக்கிழமை மாலை மேற்பார்வையாளர் கைகாட்டி ‘டொட் மான்டஹ்!’ என்றார். திங்கள் வரை. ஆகா, திங்கள் வரை லீவு என்று இவர் செவ்வாய்க்கிழமை போய் நின்றிருக்கிறார். அது விடைபெறும் சொல், திங்களன்று பார்ப்போம் என்று அர்த்தம். வெள்ளி ஒரு நாள்தான் விடுமுறை. ‘வேலையே போகப் பாத்தது’ என்று சிரித்தார். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்துச் சிரிக்க முடிகிறது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அந்த செப்டம்பரில் நூலகத்து மொழிக் கூட்டத்தில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த மொழித் துணை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல். பாடப்புத்தகம் ‘ஒம், ஒப், இன்’ மூன்றையும் வைத்து நான்கு பக்கம் பயிற்சி கொடுத்திருந்தது. வகுப்பில் ஸ்பானியர், துருக்கியர் எல்லாம் திணறினார்கள். எனக்கு ஒரு மாலையில் வந்துவிட்டது. காரணம் தமிழ். மூன்று மணிக்கு என்று ‘கு’ போடும் இடத்தில் ‘ஒம்’. திங்களன்று, ஐந்தாம் தேதியன்று என்று ‘அன்று’ வரும் இடத்தில் ‘ஒப்’. மே மாதத்தில், 2019இல், கோடையில், வார இறுதியில் என்று ‘இல்’ வரும் இடத்தில் ‘இன்’. கு, அன்று, இல். ஒம், ஒப், இன். இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போகும் என்று யார் கண்டது! நாளை, அடுத்த வாரம், இன்றிரவு என்று நாம் ஒட்டில்லாமல் சொல்லும் இடங்களில் அவர்களும் ஒன்றும் போடுவதில்லை. ஒத்துப்போகாத இடம் பண்டிகை. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன் என்பது மாதிரி கிறிஸ்துமஸுக்கு என்று சொல்ல ‘ஒம்’ வராது, ‘மெட்’ வரும், கிறிஸ்துமஸோடு என்பது போல. ஆனால் ஏப்ரல் 27 அரசர் நாளுக்கு ‘ஒப்’, அதில் நாள் என்ற சொல் இருப்பதால்.

காலையில், மாலையில் என்பதற்கும் தனி வழி. ‘ஸ்மொர்ஹன்ஸ்’, ‘ஸாவொன்ட்ஸ்’ என்று முன்னால் ஓர் ஒற்றைக் குறியும் ஸ் எழுத்தும் தொங்கும். ஐந்தோவனிலிருந்து வடக்கே போகும் ரயிலில் டென் பொஸ் நிலையம் வரும். பலகையில் ஊரின் முழுப் பெயர் அதே குறியோடும் ஸ் எழுத்தோடும் தொடங்கி நீளமாக இருக்கும். பல வருடம் பார்த்தும் அது என்ன என்று கேட்டதில்லை. தபால்காரர் சொன்னார்: ‘டெஸ்’ என்ற பழைய வேற்றுமைச் சொல் தேய்ந்து மிஞ்சிய வால் அது, ஊர்ப் பெயருக்குப் பொருள் டியூக் பிரபுவின் காடு. காலை வேளைக்கும் அதே வால்தான். வேற்றுமை உருபில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்று அந்த மொழி முதல் தடவையாகக் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி தெரிந்தது.

உடனே ஒரு குட்டு விழுந்தது. கூட்டம் ‘ஒம் த வேக்’ புதன்கிழமை என்று பலகையில் போட்டிருந்தார்கள். ஒம் என்றால் கு, வாரத்துக்கு ஒரு முறை என்று அடுத்த புதனும் மழையில் நனைந்துகொண்டு சைக்கிள் மிதித்துப் போனேன். அறையில் பிள்ளைகள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ‘ஒம் த வேக்’ என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ‘ஒம் த டஹ்’ என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மருந்துச் சீட்டில் இதைப் பார்த்தால் தினமும் போட்டுவிடாதீர்கள். நல்லவேளை, இதில் எனக்கு நட்டம் ஒரு ஜோடி காலுறைதான்.

இப்போது யாராவது புதிதாக வந்து டச்சு எங்கே தொடங்குவது என்று கேட்டால், பாடப்புத்தக வரிசையை விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ‘ஒப்’ போடும் இடத்தில் ‘இன்’ போட்டால் எதிரில் இருப்பவர் புன்னகைப்பார், திங்கள் திங்களாகவே இருக்கும், ஒரு காசு போகாது. பணத்தைப் பிடுங்குவது ஹல்ஃப், ஓவர், ஃபோர், டொட். அவற்றை முதல் வாரமே படியுங்கள். எல்லாரிடமும் நான் காட்டும் உதாரணம் வருமான வரி. மார்ச் 1 முதல் கணக்குத் தாக்கல் செய்யலாம், மே 1க்கு ‘ஃபோர்’ முடிக்கவேண்டும். 2023இல் ஏப்ரல் 1க்கு ‘ஃபோர்’ கொடுத்தால் ஜூலை 1க்கு ‘ஃபோர்’ பதில் வரும் என்றிருந்தது. அந்த வருடம் நான் மார்ச் 31 வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் முன்னால் என்ற என் விதியை நானே மீறித்தான். ஆனால் இந்த முறை எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரிந்து நின்றேன். பதில் ஜூன் மாதமே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். போன மாதம் தபால்காரர் கிளம்பும்போது ‘பெல் ய ஃபன் த வேக்’ என்றார். உன்னை அழைக்கிறேன், வாரத்தின். வாரத்தின் என்றால்? இந்த வாரத்தில் என்றைக்காவது என்று பொருளாம். அதே சொல்லை ‘உன்னை இந்த வாரம் கடைத்தெருவில் பார்த்தேனே’ என்று நடந்து முடிந்ததற்கும் சொல்வார்கள். எந்தக் கிழமை என்று கேட்டேன். ‘ஃபன் த வேக்’ என்றார் மறுபடியும், இன்னும் கொஞ்சம் மெதுவாக, எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை மாலை, அரை ஏழுக்கு அழைத்தார். ஆறரைக்கு.